அறுபதாயிரம் ரூபாய் யாருக்குக் கிடைக்கிறது?

மாட்டுங்கா மைதானம்:
நேற்று இந்த விவாதக் களத்தில் செம்பூர்வாசி எழுதியதைப் படித்த பிறகு இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உள்நாட்டுக் கிரிக்கெட் நலிந்துவிட்டது என்பது பழைய ஆட்களின் வெற்றுப் புலம்பல் என்றும், மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் ஆடுகிறவருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய் கிடைக்கும்போது துன்பம் எங்கே வந்தது என்றும் அவர் கேட்டிருந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த மும்பையின் மைதானங்களில் சிறுவர்களுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்து வருகிறேன். என்னிடம் பயின்றவர்களில் ஒருவர்கூட அந்தத் தொகையைக் கையில் வாங்கி நான் பார்த்ததில்லை. 2021 செப்டம்பரில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் அதை அறிவித்தபோதே, 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்குத்தான் 60,000 என்று சொல்லிவிட்டது. 21 முதல் 40 ஆட்டங்கள் வரை ஆடியவருக்கு 50,000, இருபது வரை ஆடியவருக்கு 40,000, களமிறங்காமல் வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பாதி. லீக் சுற்றோடு வெளியேறும் அணியில் இருப்பவர் ஆண்டுக்கு ஏழு ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடினாலும், நாற்பதை எட்ட ஆறாவது ஆண்டு ஆகிவிடும். அதற்குள் அவருக்கு எத்தனை காயம், எத்தனை தேர்வுக்குழு?

செம்பூர்வாசி:
நீங்களே கணக்கை எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி, சார். ஏழு ஆட்டங்கள், ஆட்டத்துக்கு நான்கு நாள், ஆக 28 நாள். புதியவருக்கு நாளுக்கு 40,000 என்றாலும் 11,20,000 ரூபாய் ஆகிறது. மூத்தவருக்கு 16,80,000. பொறியியல் படித்துவிட்டு ஐரோலியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் தங்கை மகனுக்கு ஆண்டு முழுவதும் உழைத்தும் இதில் பாதிகூட வருவதில்லை. இதில் ஒருநாள், இருபது ஓவர்ப் போட்டிகளின் தொகையை நான் சேர்க்கவே இல்லை. நான் 60,000 என்று எழுதினேன். அது பொய்யா, மெய்யா? அதை மட்டும் சொல்லுங்கள். மும்பைக் கிளப்புகள் ஆடும் கங்கா லீக் பற்றிப் போன ஆண்டு பேசியபோதும் கேட்ட கேள்விக்கு விடை தராமல் நீங்கள் வேறு பக்கம் போனீர்கள் என்பது எனக்கு மறக்கவில்லை.

தாராவி அண்ணாச்சி:
இரண்டு பேரும் மாநில அணியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகன் பதினாறு வயதுக்குட்பட்டோர் தேர்வுக்கு மூன்று முறை போனான். ஒவ்வொரு முறையும் காலை ஐந்து மணிக்குச் சயான் நிலையத்தில் அந்தப் பெரிய கிட் பேக்கோடு ரயிலில் ஏறுவதற்கே பாதி உயிர் போய்விடும். மட்டைக்கு 28,000 ரூபாய் கொடுத்தேன்; தோல் தொழிலில் நான் நான்கு மாதம் சேர்த்த பணம் அது. இப்போது அவன் டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்குப் போகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடினால் கையில் ஏதாவது வந்துவிடுகிறது, கிளப்பில் ஆடினால் நான்தான் கட்ட வேண்டும். 60,000 ஆகட்டும் 40,000 ஆகட்டும், எங்கள் தெருவுக்கு அது வந்து சேர்ந்ததில்லை.

செம்பூர்வாசி:
அண்ணாச்சி, உங்கள் மகன் விட்டுவிட்டதற்காக வருந்துகிறேன். ஆனால் ஆசாத் மைதானத்துக் கூடாரத்தில் தங்கி, பானிபூரி விற்று மேலே வந்த இந்திய அணி வீரர் ஜெய்ஸ்வாலும் இதே ஊரில்தான் வளர்ந்தார். திறமை இருப்பவரை இந்த ஊர் கைவிடுவதில்லை.

மாட்டுங்கா மைதானம்:
ஜெய்ஸ்வால் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன். பந்து வீசத் தெரியாத ஊரிலிருந்து வந்தவர்போல இதைப் பேசாதீர்கள், செம்பூர்வாசி. அந்தப் பையனை ஒரு பயிற்சியாளர் கண்டெடுத்துத் தன் வீட்டுக்கே அழைத்துச் சென்று சோறு போட்டு வளர்த்தார். அதைச் செய்தது மும்பை கிரிக்கெட் சங்கமும் அல்ல, வாரியமும் அல்ல, ஒரு தனி மனிதர். கூடாரத்தில் ஒரு சிறுவன் படுத்துக்கிடக்க நேர்ந்தது நம் கிரிக்கெட்டின் பெருமை என்று நீங்கள் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதே மைதானத்தில் எத்தனை பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் ஊருக்குத் திரும்பினார்கள் என்று ஆடுகளத்தை உருட்டும் மாலிகளைக் கேளுங்கள். 60,000 பற்றிக் கேட்டீர்கள். 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு என்ற சொற்களை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்தான்.

நெருல் தமிழன்:
மும்பைக்காரர்கள் தங்கள் மைதானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உலகில் வேறு ஊரே இல்லை என்றாகிவிடும். நான் சென்னையில் மூன்றாம் டிவிஷன் லீக் ஆடிவிட்டு வேலைக்காக இங்கே வந்தவன். சென்னையில் இன்றும் நிறுவனங்கள் அணிகளை நடத்துகின்றன. சன்மார் குழுமத்தின் ஜாலி ரோவர்ஸ் போன்ற அணிகளில் ஆடுகிறவருக்கு மாநில அணியில் இடம் கிடைக்காவிட்டாலும் வாழ்க்கை ஓடும். ராகுல் திராவிட் போன்றவர்களே வெளிமாநிலத்திலிருந்து வந்து ஆடிய லீக் அது. சேலத்துக்குப் பக்கத்தில் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்த நடராஜனைச் சென்னைக்குக் கொண்டுவந்து, தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியாக 2017இல் ஐபிஎல் ஏலத்தில் 3 கோடிக்குப் போக வைத்ததும் அந்த அமைப்புதான். அண்ணாச்சியின் மகன் அங்கே இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

மாட்டுங்கா மைதானம்:
அவ்வளவு நல்ல லீக் இருந்தும் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது 1954–55, 1987–88 என இரண்டே முறை. மும்பை 42 முறை. 2024 மார்ச்சில் பாந்திரா குர்லா வளாகத்தில் இரு அணிகளும் மோதிய ரஞ்சி அரையிறுதியை நான் நேரில் பார்த்தேன். புல் இருந்த ஆடுகளத்தில் டாஸை வென்று முதலில் மட்டை பிடித்துத் தமிழ்நாட்டு அணியினர் 146 ரன்னுக்குச் சுருண்டார்கள். இன்னிங்ஸ் தோல்வி. லீக்கில் நிறுவனம் கொடுக்கும் சம்பளம், ஈரமான காலை வேளையை எப்படி ஆடுவது என்று சொல்லித் தராது. மழைக்காலத்தில், மூடப்படாத ஆடுகளத்தில், கணுக்கால் அளவு புல்லில் நடக்கும் கங்கா லீக்தான் அதைச் சொல்லித் தரும்.

நெருல் தமிழன்:
மும்பையும் அதே ஆட்டத்தில் 106 ரன்னுக்கு 7 விக்கெட் இழந்து நின்றதை வசதியாக மறந்துவிட்டீர்கள். எங்கள் அணித் தலைவர் சாய் கிஷோர் ஆறு விக்கெட் எடுத்தார். உங்கள் ஷர்துல் தாக்கூரின் 109 ரன் இல்லையென்றால் நீங்கள் இன்று வேறு கதை எழுதியிருப்பீர்கள். தோற்றபின் முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே ஆட்டம் போய்விட்டதென்று தன் அணித் தலைவரையே வெளிப்படையாகக் குறை சொன்ன தமிழ்நாட்டுப் பயிற்சியாளர் சுலக்ஷண் குல்கர்ணியும் உங்கள் மும்பைக்காரர்தான். அணித் தலைவரைப் பொதுவெளியில் விட்டுக்கொடுப்பதைக் கங்கா லீக்தான் சொல்லிக்கொடுத்ததா?

மாட்டுங்கா மைதானம்:
அவர் உண்மையைச் சொன்னார். டாஸ் முடிவு தவறு.

நெருல் தமிழன்:
முடிவு தவறாகவே இருக்கட்டும், சொன்ன இடம் தவறு. தினேஷ் கார்த்திக்கும் அதைத்தான் கண்டித்தார்.

முலுண்ட் ரசிகை:
டாஸ் பற்றிய சண்டையை நிறுத்திவிட்டு என் பேச்சையும் கேட்பீர்களா? 60,000 என்று ஐந்து பதிவுகளாக உருட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதே 2021 அறிவிப்பில் மூத்த மகளிர் அணிக்கு வந்தது 12,500 ரூபாயிலிருந்து 20,000 வரையிலான உயர்வு. அதை 50,000 ஆக்க 2025 டிசம்பர் ஆனது, அதுவும் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற பிறகு. என் மகள் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உத்தேச அணி வரை போனாள். அவள் பயின்ற மைதானத்தில் உடை மாற்றிக்கொள்ள அறை கிடையாது. கழிப்பறைக்காகப் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு போவாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். உங்கள் இருவரின் கணக்கிலும் அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

செம்பூர்வாசி:
அம்மா, மகளிர் கிரிக்கெட் தனிப் பொருள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வந்து எழுதுகிறேன். இங்கே கேள்வி 60,000 பற்றியது.

முலுண்ட் ரசிகை:
எங்களுக்கு எப்போதும் தனி இழைதான். உள்நாட்டுக் கிரிக்கெட் என்று நீங்கள் எழுதியபோது அதில் பெண்கள் சேர்த்தி இல்லை என்று முன்பே சொல்லியிருக்கலாம்.

மாட்டுங்கா மைதானம்:
சகோதரி சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் செம்பூர்வாசியிடம் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதால் மீண்டும் அங்கேயே வருகிறேன். பழைய தலைமுறைக்கு ஆட்டத்துக்கு என்று கொடுத்த தொகை மிகச் சொற்பம். ஆனால் அவர்களுக்கு வேலை இருந்தது. கவாஸ்கர் நிர்லான் நிறுவனத்தில் இருந்தார், வடேகர் ஸ்டேட் வங்கியில் இருந்தார். டாட்டா, மஃபத்லால், ரயில்வே, ஏர் இந்தியா என்று, நிறுவன அணிகளுக்கான டைம்ஸ் ஷீல்டு போட்டியில் ஆடுவதற்காகவே நிறுவனங்கள் பையன்களைப் பொறுக்கி எடுத்து வேலையில் அமர்த்தின. மாநில அணியின் வாசலைத் தொடாத நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்த மாதச் சம்பளம் முப்பது ஆண்டுகள் வந்தது, ஓய்வூதியமும் வந்தது. மும்பைச் சுழற்பந்து வீச்சாளர் பத்மாகர் ஷிவால்கர் 589 முதல்தர விக்கெட்டுகளை எடுத்தும் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஆனாலும் அவரைப் போன்றவர்கள் நாற்பது வயதைத் தாண்டியும் மைதானத்தில் நிற்க முடிந்ததென்றால் பின்னால் ஒரு வேலை இருந்தது. இன்று அந்த வேலைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அதற்குப் பதிலாக வந்திருப்பது நாட்கூலி. எவ்வளவு பெரிய தொகையானாலும் அது நாட்கூலி; அடுத்த ஆண்டு பட்டியலில் பெயர் இல்லையென்றால் மறுநாளே நின்றுபோகும் பணம். முப்பது வயதில் அணியிலிருந்து நீக்கப்பட்ட என் நண்பர் ஒருவர் இப்போது மாலை நேரங்களில் கட்டடக் குடியிருப்புகளில் குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கிறார், பகலில் காப்பீட்டு முகவராக அலைகிறார். அவர் ரஞ்சியில் ஆடியது ஒன்பது ஆட்டங்கள். உங்கள் 60,000 என்ற எண்ணைக் காட்டி அவரைச் சந்திக்க நீங்கள் தயாரா?

செம்பூர்வாசி:
வேலை வேண்டும் என்றால் படிக்க வேண்டும். கிரிக்கெட் ஆடுவதற்காக வங்கி சம்பளம் கொடுத்த காலம் போய்விட்டது. அது மக்களின் பணம். மேலும் ஒன்றை நீங்கள் மறைக்கிறீர்கள். 2024இல் மும்பை ரஞ்சிக் கோப்பையை வென்றதும், வாரியம் கொடுக்கும் ஆட்டத் தொகைக்கு ஈடாகத் தானும் கொடுப்பதாக மும்பைச் சங்கம் அறிவித்தது. அப்படியானால் மூத்தவருக்கு நாளொன்றுக்கு 1,20,000. பரிசுத் தொகை 5 கோடிக்கு மேல் சங்கமே இன்னொரு 5 கோடி கொடுத்தது. இதற்குப் பிறகும் ஏழை என்று சொல்வது நியாயமா?

தாராவி அண்ணாச்சி:
செம்பூர்வாசி சார், மேலே ஊற்றுகிற தண்ணீர் கீழே இறங்கவில்லை என்றுதான் நாங்கள் சொல்கிறோம். மேலே இன்னும் ஒரு குடம் ஊற்றினார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

மாட்டுங்கா மைதானம்:
அண்ணாச்சி சொன்னதையே நானும் சொல்கிறேன். கங்கா லீக்கில் ஏ முதல் ஜி வரை ஏழு பிரிவுகள் இருக்கின்றன. கீழ்ப் பிரிவில் ஒரு கிளப்பை நடத்துகிறவர் பந்து, மாலியின் கூலி, நடுவர் தொகை, தேநீர் எல்லாவற்றையும் தன் கையிலிருந்து கொடுக்கிறார். மெட்ரோ வேலைக்காக ஆசாத் மைதானத்தின் ஒரு பகுதியைத் தடுப்பு வேலிக்குள் அடைத்துப் பல ஆண்டுகள் வைத்திருந்தபோது, அந்த ஆடுகளங்களில் பயின்ற பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லா மாநில அணிகளுக்கும் இந்த வசதி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 சனவரியில் இதே மும்பை பாட்னாவுக்குப் போனபோது, பாழடைந்து கிடந்த மொயின்-உல்-ஹக் அரங்கின் வாசலில் பீகாரின் பெயரில் இரண்டு அணிகள் வந்து நின்றன. 38 அணிகள் ஆடும் போட்டியில் பீகார்ப் பையனுக்கு நீங்கள் காட்டும் 1,20,000 கணக்கு எப்படிப் பொருந்தும்?

நெருல் தமிழன்:
பீகாரையும் சேர்த்தால் எண்ணிக்கை நீளும். ஆனால் சென்னை லீக் மும்பையின் கிளப் கிரிக்கெட்டைவிடச் சிறப்பாகப் பணம் கொடுக்கிறது என்பதை மாட்டுங்கா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாட்டுங்கா மைதானம்:
அரையிறுதி டாஸ் தவறு என்று நீங்கள் ஒப்புக்கொண்டால் யோசிக்கிறேன்.

முலுண்ட் ரசிகை:
நான் நாளைக்கு மகளிர் கிரிக்கெட்டுக்குத் தனி இழை தொடங்குகிறேன். வந்து எழுதுவதாகச் சொன்ன செம்பூர்வாசி வருகிறாரா என்று பார்க்கிறேன்.

செம்பூர்வாசி:
வருவேன். ஆனால் இந்த இழையில் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ரஞ்சி வீரருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய் கிடைக்கிறது என்று எழுதினேன். இருபது பதிவுகளுக்குப் பிறகும் அது இல்லை என்று யாரும் காட்டவில்லை.

மாட்டுங்கா மைதானம்:
40 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு. அந்தச் சொற்களைச் சேர்த்து எழுதுங்கள், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

செம்பூர்வாசி:
சேர்க்க மாட்டேன்.

மாட்டுங்கா மைதானம்:
அப்படியானால் நானும் நிறுத்த மாட்டேன். காலை ஆறு மணிக்கு எனக்கு வலைப்பயிற்சி இருக்கிறது. முடித்துவிட்டு வந்து, நாற்பதாவது ஆட்டத்தை எட்டாமல் நின்றுபோன வேறு சிலரைப் பற்றி எழுதுகிறேன்.