பேக்ஃபீட்: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கடலூரான் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சென்னையில் மின்பாதைப் பராமரிப்புக்குப் புதிதாக வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மின்மாற்றி, காப்பான், துணைமின் நிலையம் எல்லாம் தடையில்லாமல் ஓடிவிட்டன. பேக்ஃபீட்டில் நிற்கிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக லைனை அணைத்தாயிற்று. தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (ஜெனரேட்டர் ஓடும்போது வெளி லைனைத் துண்டித்து வைக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஜெனரேட்டரைப் போடுகிறார்கள். அந்த மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாகவே வெளியே வந்து கம்பத்தில் இருப்பவரை அடிக்கிறது. இதற்கு ஒரு சொல் வேண்டும். 'பின்னூட்டம்' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர், "வாசகர் கருத்தா சார்?" என்கிறார்.

பொருநை எழுதியது:

பின்னூட்டத்தை வலைப்பதிவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள், விட்டுவிடுங்கள். 'எதிர்மின்' என்று யாரும் கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், எதிர்மின்வாய் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது, குழப்பம் வரும். என் பரிந்துரை 'திரும்புமின்'. வினைத்தொகை. திரும்பிய மின், திரும்புகின்ற மின், திரும்பும் மின். ஆபத்தும் முக்காலத்துக்கும் உரியதுதானே.

மதுரையான் எழுதியது:

ஐயா, 'மின்' முன்னிலைப் பன்மை ஏவல் விகுதியும் ஆயிற்றே! வம்மின், கேண்மின் வரிசையில் திரும்புமின் என்றால் 'எல்லோரும் திரும்புங்கள்' என்றுதான் பொருள். தொழிலாளி பலகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

பொருநை எழுதியது:

போனால் பிழைத்துக்கொள்வார். எச்சரிக்கைப் பலகைக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

மதுரையான் எழுதியது:

நான் 'ஓதமின்' என்பேன். ஆறு கடலுக்குப் போவது முறை. ஓதம் ஏறும்போது கடல் ஆற்றுக்குள் வருகிறது. இங்கே நடப்பதும் அதுதான். நெய்தல் பாட்டுகள் முழுக்க ஓதம் வருகிறது. கடலில் தொடங்கி, அலை, வெள்ளம், ஈரம் என்று பொருள் விரிந்த விதத்தைத் தனி மடலாக எழுதுகிறேன்.

கரிசல் எழுதியது:

விரிந்த விதத்தில் விரைவீக்கமும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஓதம் என்றால் அதுதான். தனி மடல் வேண்டாம்.

கம்பத்தடி எழுதியது:

வாரியத்தில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். களத்தில் இதை 'ரிட்டன் சப்ளை' என்போம். சொல்லைவிட, கடலூரான் எழுதிய விளக்கத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வீட்டு மின்சாரம்தானே, 230 வோல்ட் என்று படிக்கிறவர் நினைப்பார். மின்மாற்றிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்குகிற அதே பெட்டி, எல்.டி. பக்கம், அதாவது குறைந்த அழுத்தப் பக்கம், மின்சாரம் கொடுத்தால் ஏற்றித் தரும். 433 என்பது இரண்டு பேஸுக்கு நடுவே. டெல்டா-ஸ்டார் என்கிற காயில் இணைப்பில் அந்தப் பக்கம் ஒரு காயிலுக்கு 250தான், அதனால் காயிலுக்குக் காயில் 44 மடங்கு. ஒரு பேஸில் 230 வோல்ட் நுழைந்தால், வேறு லோடு இழுக்காத வரை, எச்.டி. பக்கம், அதாவது உயர் அழுத்தப் பக்கம், பத்தாயிரம் வோல்ட் வரை நிற்கும். துணைமின் நிலையத்தில் எல்.சி. (லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கியாயிற்று, ஏ.பி. சுவிட்ச் (கம்பத்தில் லைனைப் பிரிக்கும் சுவிட்ச்) திறந்தாயிற்று என்று நம்பிக் கை வைத்தால் போச்சு. அதனால்தான் மின்சாரம் இல்லையென்று சோதித்த பிறகும், வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் லைனை நிலத்தோடு இணைக்கிற எர்த் ராடு மாட்டச் சொல்கிறோம். ஒரு பக்கம் மட்டும் மாட்டுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். அப்புறம் பெயர் வையுங்கள்.

கடலூரான் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அந்தப் பத்தியை மாற்றிவிட்டேன். கூரைச் சோலார் இருக்கும் வீடுகளுக்கும் இது பொருந்துமா?

கம்பத்தடி எழுதியது:

மின்வாரிய லைனோடு சேர்த்த சோலார் இன்வெர்ட்டர், லைனில் சப்ளை போனதும் தானாக நின்றுவிட வேண்டும். அப்படித்தான் செய்திருப்பார்கள். அதற்காக எர்த் மாட்டாமல் இருக்கலாம் என்று எழுதிவிடாதீர்கள்.

பொருநை எழுதியது:

ரிட்டன் என்பதைக் கலைச்சொல்லாக ஏற்க முடியாது. 'மின்சாரம்' என்பதிலேயே சாரம் வடசொல். 'பகிர்மானம்' என்று ஒன்றை வைத்து அலுவலகப் பலகை வரை ஏற்றிவிட்டார்கள். பகிர்வு போதாதா?

கரிசல் எழுதியது:

கட்டுமானம், பிடிமானம், செரிமானம் எல்லாவற்றையும் இடித்துவிட்டு வருகிறீர்களா? மின்கம்பத்தில் இருப்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். நம்முடைய தூய சொற்களே என்ன வாழ்கிறது? செய்தித்தாளில் மின்தடை என்றால் கரண்ட் கட். பாடப்புத்தகத்தில் மின்தடை என்றால் ஓம் கணக்கு. 'எர்த்தின் மின்தடை குறைவாக இருக்க வேண்டும்' என்று கையேட்டில் எழுதிப் பாருங்கள், எர்த்துக்கும் ஷட்டவுன் உண்டா என்று கேட்பார்கள். நான் 'எதிர்வழி மின்சாரம்' என்கிறேன். அழகில்லை. ஆனால் யாரும் விளக்க வேண்டியதில்லை.

யாழ்வாசி எழுதியது:

ஜெனரேட்டரை நாங்கள் மின்பிறப்பாக்கி என்போம், நீளம் பற்றி நாங்கள் பயப்படுவதில்லை. எதிர்வழி மின்சாரத்துக்கு என் ஆதரவு. 'எதிர்வழி' என்றால் சாலையின் எதிர்ப்பக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாமல் முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் போடுங்கள்.

மதுரையான் எழுதியது:

சரி, களைத்துவிட்டேன். எதிர்வழியே இருக்கட்டும். ஓதம் பற்றிய மடல் பாதி எழுதியாயிற்று, அதை இலக்கிய இழையில் போடுகிறேன்.

கடலூரான் எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது. தலைப்பில் 'எதிர்வழி மின்சாரம்', முதல் வரியில் 'ரிட்டன் சப்ளை என்று களத்தில் சொல்வது', எர்த் ராடு பத்தி கொட்டை எழுத்தில். இப்படியே அனுப்புகிறேன்.

பொருநை எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மின்சாரத்துக்கு எதிர்வழி, நேர்வழி என்று உண்டா? கம்பி இருக்கிற பக்கமெல்லாம் போவதுதான் அதன் இயல்பு. மறுபதிப்பு வரும்போது திரும்புமின்னோடு வருவேன்.

கடலூரான் எழுதியது:

பதிவாயிற்று. சேஞ்ச்ஓவர் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டேன். தயவுசெய்து யாரும் தொடங்க வேண்டாம்.