நகரும் கால அட்டவணை வீட்டுக்கல்விக்குப் பொருந்துமா?

ஈசூன் அம்மா:

எங்கள் மகன் அடுத்த ஆண்டு தொடக்கநிலை 1க்குச் செல்ல வேண்டியவன். அவனுக்கு வீட்டிலேயே கற்பிப்பதென்று முடிவுசெய்து, சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டத்திலிருந்து விலக்கு கேட்டுக் கல்வி அமைச்சுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். என் கணவருக்கு ஷிப்ட் வேலை. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்று மாறி மாறி வருவதால், அவருடைய ஓய்வு நாள் ஒவ்வொரு வாரமும் வேறு கிழமையில் விழும். ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை என்ற கணக்கை விட்டுவிட்டு, அவர் வேலைக்குச் செல்லும் நான்கு நாள்களில் பாடம், வீட்டில் இருக்கும் இரண்டு நாள்களில் வெளியே சென்று கற்பது என ஆறு நாள் சுற்றாக அமைக்க எண்ணுகிறேன். எந்தப் பாடம் எத்தனை மணிக்கு என்றும் எழுதி வைக்கப்போவதில்லை. "மணி அடிக்காத பள்ளியில் எந்தப் பிள்ளை உட்காரும்?" என்று மாமியார் கேட்கிறார். உங்கள் கருத்து என்ன?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நான் உங்கள் மாமியாரின் பக்கம். சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தபோதே வீட்டுக்கல்விக்கு இடம் தரப்பட்டது என்பது உண்மை. ஆனால் அந்த இடத்திற்கு ஓர் எல்லை உண்டு. உங்கள் மகன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டும். அவ்வாண்டில் பள்ளிகளிலிருந்து நான்கு பாடங்களையும் வழக்கமான நிலையில் எழுதும் மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 33 விழுக்காட்டினரைத் தாண்டிய இடத்தில் அவன் நிற்க வேண்டும். அந்த நான்கில் ஒன்று தாய்மொழி.

எனக்குள்ள கவலை கணிதமோ அறிவியலோ அன்று. "நேரம் கிடைக்கும்போது" என்று விடப்படும் பாடம் எதுவானாலும் அது கடைசியில் தமிழாகத்தான் இருக்கும். பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் வீட்டில், பள்ளியின் தமிழ் வகுப்பாவது அவர்களை நாள்தோறும் தமிழ் பேச வைக்கிறது. அதையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மணி குறிக்காத அட்டவணையை வைத்தால், எழுத்துத் தேர்வுக்கு முன்னதாகவே ஆகஸ்டில் வந்துவிடும் வாய்மொழித் தேர்வில் பிள்ளை என்ன பேசுவான்? பத்தியை உரக்க வாசிப்பதும், ஒளிக்காட்சியைப் பார்த்து உரையாடுவதும் ஜூலையில் கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல.

பொங்கோல் அப்பா:

ஆசிரியர் ஐயா சொல்லும் எல்லையை மறுக்கவில்லை. என் மகள் அதைக் கடந்துவிட்டாள். ஆனால் உறுதியான கால அட்டவணைதான் அவளைக் கடக்க வைத்தது என்று எண்ண வேண்டாம்.

முதலாண்டில் நானும் பள்ளியையே வீட்டுக்குள் கொண்டுவந்தேன். புதன்கிழமை காலை ஒன்பது மணி என்றால் அது இயற்கைப் பாடம். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்திற்கு மூன்று புதன்கிழமைகள் தொடர்ந்து சென்றோம். அவற்றுள் இரண்டு நாள்களில் கடல்நீர் ஏறி நின்றதால் சேற்றுப்பரப்பே கண்ணில் படவில்லை. கடல் ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகின்றன என்பதை அதன் பிறகே கவனித்து, நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போகத் தொடங்கினோம். சேற்றில் தத்தித் தாவும் மீன்களையும், செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வந்து தங்கும் உள்ளான் பறவைகளையும் அப்போதுதான் அவள் முழுமையாகக் கண்டாள். அவளுக்கு நிலவும் கடல் ஏற்றமும் புரிந்தது அங்கேதான்.

எல்லாவற்றையும் நகரவிட்டோம் என்று பொருள் இல்லை. கணிதமும் தமிழும் காலைப் பசியாறியவுடன். அது தீபாவளி வாரத்திலும் மாறவில்லை. மற்றவை வாரக் கணக்கில் முடிந்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

தெம்பனிஸ் வாசகி:

பதினான்கு மாதம் முயன்று மகனைப் பள்ளிக்கே திரும்ப அனுப்பியவள் நான். பொங்கோல் சகோதரர் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் அவருடைய வீட்டில் இரண்டு பெரியவர்களும் கற்பிக்கிறார்களா, ஒருவரா என்பதை அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான் ஒருத்தி. கைக்குழந்தை இரவில் தூங்காவிட்டால் மறுநாள் கணிதம் தள்ளிப்போகும்; தள்ளிப்போனது அடுத்த நாளும் தள்ளிப்போகும். ஆண்டு முன்னேற்ற அறிக்கை எழுதுவதற்காக என் குறிப்பேட்டைப் புரட்டியபோது, இரண்டு மாதங்களில் கணிதம் ஒன்பதே நாள் நடந்திருந்தது தெரிந்தது. வேறு யாரையும் குறைசொல்ல முடியாது. நெகிழ்வு என்று நான் பெயர் வைத்தது என் களைப்புக்கு.

பொங்கோல் அப்பா:

கற்பித்தவர் என் மனைவி ஒருவர்தான். வார இறுதிகளில் மட்டும் நான் கைகொடுத்தேன். அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், சகோதரி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கடல்நீருக்காக அட்டவணையை மாற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. அது பாடத்தின் தேவை. தெம்பனிஸ் சகோதரி சொன்னது பெரியவர்களின் தேவை. ஷிப்ட் நேரமும் அப்படியே. தந்தையின் வேலைச் சுழற்சிக்குப் பிள்ளையின் படிப்பை ஏன் கட்டிப்போட வேண்டும் என்பதுதான் ஈசூன் அம்மாவிடம் என் கேள்வி.

ஈசூன் அம்மா:

தந்தையைப் பார்ப்பதற்காக, ஐயா. திங்கள் முதல் வெள்ளி வரை பாடம் என்று வைத்தால், அவருடைய ஓய்வு வார நடுவில் விழும் வாரங்களில் பிள்ளை மேசையிலும் தந்தை கூடத்திலும் இருப்பார்கள். பள்ளியில் சேர்க்காததற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பெரியவர்களின் தேவை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

நாள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஆறு வாரத்தில் 42 நாள். அதில் ஆறு நாள் சுற்று சரியாக ஏழு முறை வரும், பிறகு கிழமைகள் மீண்டும் பழைய இடத்திற்கு வந்துவிடும். அதற்குள் பாட நாள்கள் 28. பள்ளியில் ஆறு வாரத்திற்கு 30. இப்படி ஏழு தொகுதிகள் நடத்தினால் ஆண்டுக்கு 196 பாட நாள்கள் ஆகின்றன. தவணைக்குப் பத்து வாரமாக நான்கு தவணை நடத்தும் பள்ளிக்கு, பொது விடுமுறைகளைக் கழிக்காமலே, 200தான். எங்களுக்குப் பத்து வாரம் மிஞ்சுகிறது. ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் ஒரு வாரம் நிறுத்தி, நடந்தவற்றை எழுதி வைத்துவிட்டால், ஆண்டு முடிவில் குறிப்பேட்டைப் புரட்டித் திகைக்க வேண்டியிராது. தெம்பனிஸ் சகோதரிக்கு இதற்காக நன்றி.

மணிக்கணக்கில் மட்டும் தோற்றுவிட்டேன். கணிதம் பசியாறியவுடன். தமிழுக்கு மாமியாரைக் கேட்டிருக்கிறேன்; கண்புரை சிகிச்சைக்குப் பிறகு அவரால் நீண்ட நேரம் வாசிக்க முடிவதில்லை என்பதால், நாள்தோறும், ஓய்வு நாள்களிலும்கூட, மாலை நான்கு மணிக்குப் பேரன் அவருக்குத் தமிழ் முரசு நாளிதழை வாசித்துக்காட்ட வேண்டும், அவர் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழிலேயே விடை சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டும் வயதுதான்; இப்போதைக்குத் தலைப்புகள் மட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நான்கு மணி நல்ல நேரம். தலைப்புகளோடு நின்றுவிடாமல், அடுத்த ஆண்டிலாவது ஒரு பத்தியை முழுமையாக, நிறுத்தக்குறிகளுக்கு நின்று வாசிக்கப் பழக்குங்கள். ஆறு நாள் சுற்றை இன்னும் ஏற்கவில்லை. முதல் 42 நாள் முடிந்ததும் எழுதுங்கள்.

ஈசூன் அம்மா:

எழுதுகிறேன், ஐயா. இன்று சோதனையாகத் தொடங்கினோம். மாமியார் முதலில் கேட்டது இரங்கல் அறிவிப்புப் பக்கத்தை. அதையும் வாசிப்புப் பயிற்சியாகக் கொள்ளலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.