எம்1 கார்பைன்: நூறு கெஜத்தில் ஏழு அங்குலச் சிதறல் இயல்புதானா?

கேள்வி – பென்சில்வேனியாவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சுடுதளத்தில் பழக்கமான முதியவர் ஒருவரிடமிருந்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்து எம்1 கார்பைன் என்னும் குறுந்துப்பாக்கி ஒன்றைச் சென்ற ஆண்டு கடை வழியாக முறைப்படி வாங்கினேன். அதைச் செய்த நிறுவனங்களில் ஒன்றான இன்லாண்டின் முத்திரை உள்ளது. இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான எடையும், தோளை உறுத்தாத உதையும் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. ஆனால் இரண்டு குறைகள் தீராமல் இருக்கின்றன.

முதலாவது, மணல் மூட்டையின் மேல் தாங்கிச் சுட்டாலும் நூறு கெஜத்தில் ஐந்து குண்டுகள் ஏழு அங்குலத்துக்குச் சிதறுகின்றன. முதல் இரண்டும் ஒட்டினாற்போல் விழ, குழல் சூடேற ஏற மற்றவை மேலே ஏறிப் போய்விடுகின்றன. இரண்டாவது, கண்காட்சியில் வாங்கிய முப்பது தோட்டா மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) பொருத்தினால், அது தீர்வதற்குள் இரண்டு முறையாவது, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட் முழுவதும் பூட்டாமல் நெல்மணி அளவுக்குப் பின்தங்கி நின்றுவிடுகிறது. பதினைந்து தோட்டா மேகசினில் இது அரிதாகவே நிகழ்கிறது.

‘கொரியப் போரில் படைவீரர்களே வெறுத்து ஒதுக்கிய துப்பாக்கி இது, இதனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று சுடுதளத்து நண்பர் ஒருவர் கேட்கிறார். இது இந்தத் துப்பாக்கியின் பிறவிக்குணமா, அல்லது என் கையில் இருப்பதன் பழுதா?

மறுமொழி 1 – பழம்போர் வாசகர்

ஐயா, உங்கள் நண்பர் ஒரு ரைஃபிளுக்குரிய அளவுகோலால் கார்பைனை அளக்கிறார் என்று நினைக்கிறேன். 1941 அக்டோபரில் அமெரிக்கப் படை இதை ஏற்றுக்கொண்டபோது, முன்வரிசைக் காலாட்படை வீரனின் கையிலிருந்த காரண்ட் ரைஃபிளை மாற்றுவது நோக்கமாக இருக்கவில்லை. மோர்ட்டார் குழுவினர், வாகன ஓட்டிகள், வானொலி இயக்குநர்கள், அதிகாரிகள் ஆகியோர் வேறு சுமையோடு நாலேகால் கிலோ காரண்டையும் தூக்க முடியாது, அவர்கள் இடுப்பிலிருந்த .45 கைத்துப்பாக்கியோ, பயிற்சி குறைந்தவர் கையில் இருபத்தைந்து கெஜத்தைத் தாண்டினால் பெரிதாகப் பயன்படாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதேனும் ஒன்று வேண்டும் என்பதிலிருந்து பிறந்ததுதான் கார்பைன். கைத்துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இது ஒரு வரம். காரண்டோடு ஒப்பிட்டால் குறைபாடாகத்தான் தெரியும்.

தோட்டாவும் அந்த நோக்கத்துக்கு ஏற்றதே. ஏழு கிராம் எடையுள்ள, மூக்கு உருண்ட குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 600 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. மூக்கு உருண்டிருப்பதால் காற்று அதன் வேகத்தை விரைவாகத் தின்றுவிடும். நூறு கெஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கியில், இருநூறு கெஜத்தில் குண்டு ஓர் அடிக்கு மேல் தாழ்ந்துவிடும்; முந்நூறில் நான்கு அடி அளவுக்குத் தாழும். தொடக்ககாலக் கார்பைன்களில் பின்பார்வைக் குறி 150, 300 கெஜம் என்று இரண்டே நிலைகளில் மடங்கும் ஒரு சிறு தகடாக இருந்தது. பக்கவாட்டில் திருகிச் சரிசெய்யும் பார்வைக்குறி போரின் பிற்பகுதியில்தான் வந்தது. உங்களுடையதில் அது இருந்தால், போருக்குப் பின் படைப் பட்டறையில் புதுப்பிக்கப்பட்ட துப்பாக்கியாக இருக்கலாம்.

நல்ல நிலையிலுள்ள கார்பைன் நூறு கெஜத்தில் மூன்று முதல் ஐந்து அங்குலத்துக்குள் அடங்கும். ஆகவே ஏழு அங்குலம் என்பது பிறவிக்குணம் அன்று.

மறுமொழி 2 – பட்டறைக்காரர்

முதல் இரண்டு ஒன்றாக விழுந்து, மற்றவை மேலேறுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். விடை அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது: குழலைக் குறை சொல்வதற்கு முன் மரக்கட்டையைப் பாருங்கள்.

கார்பைனின் உலோகப் பகுதியை இரண்டே இடங்கள்தாம் கட்டையோடு பிணைக்கின்றன. பின்னால், கட்டைக்குள் ஒரு திருகால் பிடிக்கப்பட்ட உதைத்தகடு உண்டு. ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) வால்நுனி அதன் வாய்க்குள் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். முன்னால், ஒரு வளையம் குழலைக் கட்டையோடு சேர்த்துப் பிடிக்கும். பின்னால் மாட்டிவிட்டு, வளையத்தைப் போடாமல் விட்டுப் பாருங்கள்: சரியான பொருத்தத்தில் குழல் கட்டையின் முன்பகுதியைவிட்டுச் சற்று மேலெழுந்து நிற்கும்; விரலால் அழுத்தினால் இறங்கும். அந்த இழுவிசையோடு வளையத்தை இறுக்கினால்தான் ஒவ்வொரு குண்டுக்கும் குழல் ஒரே இடத்துக்குத் திரும்பும். உதைத்தகட்டின் திருகு தளர்ந்திருந்தாலோ, தேய்ந்த தகட்டில் வால்நுனி ஆடினாலோ, எண்பது ஆண்டு எண்ணெய் குடித்து மரம் மெலிந்திருந்தாலோ அந்த இழுவிசை போய்விடும். குழலைக் கையால் மேலும் கீழுமாக ஆட்டும்போது ‘டக்’ என்று ஓசை கேட்டால், உங்கள் ஏழு அங்குலத்துக்குக் காரணம் அதுதான்.

பிஸ்டனை அடுத்துப் பாருங்கள். இந்தத் துப்பாக்கியில் வெடிமருந்தின் வாயு தள்ளும் பிஸ்டன் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரமே நகர்கிறது. அந்த ஒரு தட்டில் கிடைக்கும் வேகத்தைக் கொண்டே போல்ட் பின்னோடி, காலிக்கூட்டை எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். நல்ல அமைப்புதான், ஆனால் தேவைக்கு மேல் ஆற்றலை மிச்சம் வைத்துக் கொடுக்கும் அமைப்பு அன்று. பிஸ்டனைப் பிடித்திருக்கும் மறை தளர்ந்திருக்கக் கூடாது. பிஸ்டனுக்கு எண்ணெய் விடாதீர்கள். கரியோடு சேர்ந்து அது பசையாகிவிடும். தேவையில்லாமல் அதைக் கழற்றவும் வேண்டாம். இந்தத் தோட்டாவுக்குத் தொடக்கத்திலிருந்தே அரிப்பு உண்டாக்காத பிரைமரைத்தான் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) படையினர் வலியுறுத்தினார்கள். பிஸ்டன் அறையை அடிக்கடி பிரித்துக் கழுவ வழியில்லை என்பதே அதற்குக் காரணம்.

போல்ட் பூட்டாமல் நிற்பதற்கு நான் முதலில் சந்தேகிப்பது, பின்னோடிய போல்ட்டை முன்னுக்குத் தள்ளும் மீள்ஸ்பிரிங்கை. புதியதாக இருக்கும்போது அது பத்தேகால் அங்குலத்தை ஒட்டி இருக்கும்; பத்துக்குக் கீழே சுருங்கியிருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். விலை சொற்பம். மேகசினைப் பொறுத்தவரை, முப்பது தோட்டாக்கள் நிறைந்த எடையைத் தாங்குவதற்காக எம்2 வகைக்கான (தொடர்ந்து சுடவல்ல பிற்காலக் கார்பைன்) மேகசின் கொக்கியில் கூடுதலாக ஒரு தாங்குமுனை வைத்தார்கள். பழைய எம்1 கொக்கியில் அது கிடையாது. மேகசின் ஒருபுறம் சற்றுத் தொங்கும், தோட்டாவின் மூக்கு தாழும், போல்ட்டின் வலிமை அதைத் தூக்குவதிலேயே தீர்ந்துவிடும். கண்காட்சியில் வாங்கிய மேகசினின் தகடு தரம் எப்படியிருக்கும் என்பது வேறு. எத்தனையோ பேர் துப்பாக்கியையே மாற்றிவிட்டு, பழுதான மேகசினை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

மறுமொழி 3 – வடதிசையான்

முதல் மறுமொழி எழுதியவர் சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கொரியாவிலிருந்து வந்த குறைகளை வெறும் அளவுகோல் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

1950 நவம்பர், டிசம்பரில் வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் குளிர் மைனஸ் முப்பது டிகிரிக்கும் கீழே போனது. அந்தக் குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டு, ஸ்பிரிங்குகள் சோம்பி, வீரர்கள் போல்ட்டைக் கையால் இழுத்து ஏற்ற வேண்டியதாயிற்று. காரண்டும் அதே குளிரில்தான் இருந்தது; ஆனால் அதன் தோட்டாவின் ஆற்றல் கார்பைனுடையதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். பட்டறைக்காரர் சொன்ன ‘மிச்சம் வைக்காத அமைப்பு’ அந்தக் குளிரில்தான் அம்பலப்பட்டது. போதாததற்கு அப்போது பரவலாக இருந்தது எம்2. அது தொடர்ந்து சுடவும் வல்லது. எடை குறைந்த துப்பாக்கி தொடர்ச்சியாகச் சுடும்போது மேல்நோக்கி எகிறாமல் இருக்குமா?

சீன வீரர்களின் பஞ்சு அடைத்த அங்கியைக் கார்பைன் குண்டு துளைக்கவில்லை என்ற பேச்சும் அங்கிருந்து வந்ததே. அந்த அங்கியை இந்தக் குண்டு துளைக்காது என்று நான் நம்பவில்லை. பின்னாளில் பலர் செய்துபார்த்த சோதனைகளும் துளைக்கும் என்றே காட்டின. நடுங்கும் விரலோடு, இரவில், தொடர்ச்சியாகச் சுட்டவற்றில் பெரும்பாலானவை படவே இல்லை என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பட்டிருந்தாலும் காரண்டின் குண்டைப்போல் அது ஆளை உடனே சாய்த்திருக்காது. வீரர்கள் கண்டது உண்மை. அவர்கள் சொன்ன காரணம்தான் பிழை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில், புகழ்பெற்ற அமெரிக்கப் படைவீரர் ஆடி மர்ஃபி விரும்பிச் சுமந்தது கார்பைனைத்தான். கட்டை உடைந்தபோது கம்பியால் சுற்றிக் கட்டி அதையே வைத்துக்கொண்டார். போர் முடிவதற்குள் அறுபது லட்சத்துக்கும் மேல் தயாரானபோது, தட்டச்சுப்பொறி செய்த அண்டர்வுட்டும், ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலாவும், ஐபிஎம்மும் இதைச் செய்தன. ஒரு நிறுவனத்தின் போல்ட் இன்னொரு நிறுவனத்தின் ரிசீவரில் பொருந்த வேண்டும் என்பது விதி; பொருந்தவும் செய்தது. என் பார்வையில் இதன் நம்பகத்தன்மைக்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை.

கேள்வியாளரின் பின்குறிப்பு – பென்சில்வேனியாவாசி

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வளையத்தைக் கழற்றியபோது குழல் கொஞ்சமும் மேலெழவில்லை. கட்டையில் படுத்தே கிடந்தது. உதைத்தகட்டின் திருகு கையாலேயே முக்கால் சுற்றுத் திரும்பியது. தகட்டை மாற்றித் திருகை இறுக்கியபின் குழல் விரலுக்கு எதிர்த்து நிற்கிறது. மீள்ஸ்பிரிங்கை அளந்தேன்: ஒன்பதே முக்கால் அங்குலம். அதையும் மாற்றினேன்.

சனிக்கிழமை சுட்ட நான்கு தாள்களில் மூன்று நான்கு அங்குலத்துக்குள் அடங்கின. நான்காவதில் ஒரு குண்டு தனியாக வெளியே போனது. விசையை நான்தான் வெடுக்கென்று இழுத்தேன் என்பது சுட்ட கணத்திலேயே தெரிந்தது. பதினைந்து தோட்டா மேகசினில் அறுபது சுட்டும் போல்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை. முப்பது தோட்டா மேகசின் மட்டும் ஸ்பிரிங் மாற்றியபின்னும் ஒருமுறை சிக்கியது. என் துப்பாக்கியில் இருப்பது பழைய கொக்கிதான். எம்2 கொக்கிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் பொருத்திப் பார்த்து எழுதுகிறேன்.