ஏ அழுத்தினால் பி வேலை செய்கிறது: கன்ட்ரோலர் பழுதா?

இரவுக்குருவி:
வணக்கம். இவ்வளவு நாளும் கம்ப்யூட்டரில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில்தான் ஆடிக்கொண்டிருந்தேன். இப்போது நின்டெண்டோவின் ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் இணைத்து, கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் தளத்தில் ஆடுகிறேன். "சேமிக்கவா? ஏ – ஆம், பி – வேண்டாம்" என்று திரையில் வருகிறது. ஏ அழுத்தினால் பெட்டி மூடிக்கொள்கிறது, சேமிப்பதில்லை. நேற்று இரண்டு மணி நேர ஆட்டம் இப்படியே போச்சு. எக்ஸ், ஒய்யும் இதே கதைதான். ஸ்டீம் செட்டிங்ஸில் நின்டெண்டோ பட்டன் அமைப்பை ஆன் செய்தேன். கேமுக்குள்ளேயும் ஏ/பி மாற்றும் வசதி இருந்தது, அதையும் ஆன் செய்தேன். அப்படியேதான் இருக்கிறது. பட்டன் போயிடுச்சா?

பழையபேட்:
பட்டன் நல்லாத்தான் இருக்கு நண்பா. ரெண்டு இடத்துல மாத்தினீங்க, திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துடுச்சு. ஏதாவது ஒண்ணை ஆஃப் பண்ணுங்க.

ரெண்டு கன்ட்ரோலரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எக்ஸ்பாக்ஸ்ல ஏ கீழே, பி வலப்பக்கம். நின்டெண்டோவுல ஏ வலப்பக்கம், பி கீழே. எக்ஸ், ஒய்யும் அதே மாதிரி இடம் மாறியிருக்கும். 1983-ல வந்த நின்டெண்டோவோட பழைய கேம் கன்சோல் ஃபேமிகாம்லயே ஏ வலது ஓரத்துலதான். 1990-ல சூப்பர் ஃபேமிகாமுக்கு நாலு பட்டன் ஆனபோதும் அந்த வழக்கத்தை விடல. எக்ஸ்பாக்ஸ் 2001-ல கொண்டுவந்த வரிசை அதுக்கு முன்னாடியே சேகா கம்பெனியோட ட்ரீம்காஸ்ட் கன்சோல்ல இருந்தது.

இரவுக்குருவி:
ஸ்டீமில் மட்டும் ஆன் வைத்தேன். மெனு சரியாகிவிட்டது, நன்றி! ஆனால் இப்போது வேறு தொல்லை. குதிக்கிற பட்டன் வலப்பக்கம் போய்விட்டது. கட்டைவிரல் பழக்கத்தில் கீழ் பட்டனுக்கே போகிறது, நான் நேராகப் பள்ளத்துக்குள் போகிறேன்.

மூன்றாம்லெவல்:
எழுத்து வேணுமா, இடம் வேணுமான்னு முடிவு பண்ணுங்க. அந்த ஆப்ஷன் எழுத்தைப் பொருத்துது, அதனால இடம் மாறுது. ஆஃப் பண்ணா இடம் சரியாயிடும், எழுத்து தப்பாத் தெரியும். எனக்குக் கேட்டா இடம்தான். ஆட்டம் சூடு பிடிச்சா பட்டன்ல என்ன எழுதியிருக்குன்னு யாரு குனிஞ்சு பாக்கறா?

கேம் எழுதறவங்களுக்கும் இது தலைவலிதான். அதனால கேம் எழுத அவங்க பயன்படுத்தற எஸ்டிஎல் 3-ங்கற நிரல் லைப்ரரியில ஏ, பி-ங்கற பேரையே விட்டுட்டு தெற்கு, கிழக்கு, மேற்கு, வடக்குன்னு திசையில பேர் வெச்சுட்டாங்க.

வட்டமும்பெருக்கலும்:
பிளேஸ்டேஷன்காரங்க பாடு இன்னும் மோசம். அதுல பட்டன்ல எழுத்துக்குப் பதிலா வட்டம், பெருக்கல் மாதிரி குறிகள்தான். 1994-ல அந்தக் குறிகளை வடிவமைச்ச தேயு கோட்டோ, வட்டத்தை 'ஆம்', பெருக்கலை 'இல்லை'ன்னுதான் நினைச்சு வெச்சார். ஜப்பான்ல அப்படியே நடந்தது, மேற்கு நாடுகள்ல தலைகீழ். 2020-ல பிஎஸ்5 வந்தப்பதான் ஜப்பான்லயும் பெருக்கல் 'ஆம்' ஆச்சு. நான் ஜப்பான் பதிப்புலயே ஆடிப் பழகினவன். இன்னிக்கும் பாதி நேரம் மெனுவுக்குள்ள போகாம வெளிய வந்துட்டிருக்கேன்.

இன்னொண்ணு, ரேஸ் கேம் ஆடுவீங்களா? ஸ்விட்ச் ப்ரோவுல பின்னாடி இருக்கற இசட்எல், இசட்ஆர் ரெண்டும் சாதா பட்டன். எக்ஸ்பாக்ஸ் ட்ரிகர் மாதிரி பாதி அழுத்தி மெதுவா ஓட்ட முடியாது, அழுத்தினா முழு வேகம்தான். இதுக்கு எந்த செட்டிங்ஸும் கிடையாது. ஆக்ஸிலரேட்டரை வலது ஸ்டிக்குக்கு மாத்திக்கோங்க.

இரவுக்குருவி:
இடத்துக்கே போய்விட்டேன். ஸ்டீமில் ஆஃப், கேமிலும் ஆஃப். தேடினால் கேமுக்குள் 'பட்டன் படங்கள்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் நின்டெண்டோவைத் தேர்ந்ததும் "பி – ஆம்" என்று காட்டுகிறது. பி கீழேதானே இருக்கிறது! மூன்று முறை சேமித்துப் பார்த்துவிட்டேன்.

ஒரேஒருசந்தேகம்:
குறுக்கே கேக்கறேன், மன்னிக்கணும். எனக்கும் இதே பிரச்சினை, ஆனா என் கேம் ஸ்டீம்ல வாங்கினது இல்ல. அந்த ஆப்ஷன் ஒண்ணும் செய்யல.

பழையபேட்:
ஸ்டீம் வழியா ஓடற கேமுக்குத்தான் அது பிடிக்கும். ஸ்டீம் லைப்ரரியில வெளி கேமைச் சேர்க்கற வசதி இருக்கு. அதுல சேர்த்துட்டு அங்கிருந்தே திறந்து பாருங்க.