விஸ்கி வளையாது! எக்ஸ்பான்ஸின் ‘துல்லியம்’ பற்றி ஒரு வம்பு

கணக்குப்பிள்ளை

‘தி எக்ஸ்பான்ஸ்’ங்கிற விண்வெளித் தொடர்னு பேச்செடுத்தாலே ஆளாளுக்கு ஒரே காட்சியைத் தூக்கிட்டு வந்துடறாங்க. செரஸ் குறுங்கோள்ல துப்பறிவாளன் மில்லர் விஸ்கி ஊத்துவான். தாரை நேரா விழாம பக்கவாட்டுல வளைஞ்சு கோப்பைக்குள்ள இறங்கும். ‘பாத்தீங்களா, கோரியாலிஸ் விளைவைக்கூட (சுத்தற இடத்துல விழற பொருள் பக்கவாட்டுல விலகறது) விடல’ன்னு ஒரு புல்லரிப்பு.

சரி, கணக்குப் போடுவோம். செரஸோட ஆரம் சுமார் 470 கி.மீ. கதைப்படி அதைச் சுழலவிட்டு உள்ளே பூமி ஈர்ப்புல 0.3 பங்கு உண்டாக்கியிருக்காங்க. அவ்வளவு பெரிய உருண்டைக்கு அது கிட்டத்தட்ட 40 நிமிஷத்துக்கு ஒரு சுத்து. கோரியாலிஸ் விலகலுக்கு இது ஆமை வேகம். 30 செ.மீ. உயரத்துலேருந்து ஊத்தினா விஸ்கி விலகறது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. மில்லரோட அறையை அச்சுக்குப் பக்கமா தள்ளி வெச்சாலும் பெரிசா ஒண்ணும் மாறாது.

இன்னொண்ணு. செரஸோட சொந்த ஈர்ப்பு பூமியோடதுல நூத்துல மூணு பங்குதான். சுழற்சியால வெளியே வீசற விசை அதைவிடப் பத்து மடங்கு. பாறையும் பனிக்கட்டியும் சேர்ந்த அந்த உருண்டை தன்னைத்தானே பிடிச்சு வெச்சுக்க முடியாது, பிய்ச்சிக்கிட்டுப் போகும்.

அப்ப அந்த ஷாட் எதுக்கு? ‘நாங்க துல்லியம்’னு நெத்தியில எழுதி ஒட்டிக்கறதுக்கு.

செவ்வாய்க்கிழவி

கால் மில்லிமீட்டருக்கு இத்தனை ஆவேசமா பிள்ளைவாள்?

அந்தக் காட்சியில ஒரு வசனம் கிடையாது. ரெண்டு நொடி. இங்க இருக்கறவன் காலுக்குக் கீழே இருக்கிறது தரை இல்லை, சுத்திக்கிட்டிருக்கிற பாறைன்னு புரிஞ்சிடுது. அதையே ஒருத்தர் வாயால விளக்க வெச்சிருந்தா நீங்களே ‘பாடம் நடத்தறாங்க’ன்னு திட்டியிருப்பீங்க. கால் மில்லிமீட்டரை கேமராவுல எப்படிக் காட்டறது? கண்ணுக்குத் தெரியற மாதிரி பெருக்கிக் காட்டினாங்க. வெற்றிடத்துல இன்ஜின் சத்தம் கேக்குதே, அதையும் அணைச்சுட்டுப் பாப்பீங்களா?

கணக்குப்பிள்ளை

சத்தம் விஷயத்துல யாரும் ‘துல்லியம்’னு மார்தட்டல. பெருக்கிக் காட்டறது சரின்னா, அப்புறம் ஸ்டார் ட்ரெக்கைப் பார்த்து இந்த ரசிகர்கள் சிரிக்கறது என்ன நியாயம்? அவங்களும் இறங்கற காட்சிக்குச் செலவாகும்னுதான் ஆளைக் கரைச்சு அனுப்பற கருவியைக் கண்டுபிடிச்சாங்க. அதுவும் படப்பிடிப்பு வசதிதான்.

போட்டான்

இரண்டும் ஒன்றல்ல, ஐயா. ஒரு காட்சியின் கணக்கை வைத்துத் தொடரை எடைபோடுகிறீர்கள். நான் கேட்பது வேறு: இயற்பியல் அந்தக் கதையில் என்ன வேலை செய்கிறது?

ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தலைமுறைத் தொடரில் எழுத்தாளராக இருந்த ரொனால்ட் மூர் ஒரு சங்கதியைச் சொல்லியிருக்கிறார். வசனத்தில் அறிவியல் வரவேண்டிய இடத்தில் ‘டெக்’ என்று மட்டும் எழுதி விட்டுவிடுவார்களாம். பின்னர் ஆலோசகர்கள் வந்து அந்த இடத்தைச் சொற்களால் நிரப்புவார்கள். அதாவது கதை முதலிலேயே முடிந்துவிட்டது, அறிவியல் ஒட்டுவேலை. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரில் அறிவியல் ஆலோசகராக இருந்த நரேன் சங்கர்தான் பிற்பாடு எக்ஸ்பான்ஸை நடத்தியவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். கோடிட்ட இடத்தை நிரப்பும் வேலை எப்படியிருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

எக்ஸ்பான்ஸில் கப்பலின் தளங்கள் உந்துவிசைக்குக் குறுக்கே, அடுக்குமாடிபோல் அமைந்திருக்கின்றன. இன்ஜின் எரியும்போது மட்டுமே எடை உண்டு. பாதி வழியில் கப்பலைத் திருப்பி எதிர்ப்பக்கம் எரித்தால்தான் நிற்க முடியும். ஆகவே ஒருவன் உங்களைத் துரத்தி வருகிறான் என்பது பல நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் ஒன்றும் செய்ய இயலாது. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒளி போக 3 முதல் 22 நிமிடம் ஆகிறது. அதனால் நேருக்கு நேர் பேச்சு கிடையாது, பதிவு செய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஸ்டார் ட்ரெக்கில் தொழில்நுட்பச் சொல் சிக்கலைத் தீர்க்கிறது; இங்கே இயற்பியல் சிக்கலை உண்டாக்குகிறது.

செவ்வாய்க்கிழவி

அப்படிப் போடுங்க! இதோட கப்பலோட்டி அலெக்ஸையும் சேர்த்துக்கோங்க. அதிவேகமா முடுக்கினா மூளையில ரத்தக்குழாய் அடைச்சுக்கும், ஊசி போட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லைன்னு முதல் சீசன்லேருந்தே சொல்லிக்கிட்டு வர்றாங்க. நடிகர் அடுத்த சீசன்ல இல்லைன்னு ஆனதும் அதே விதியை வெச்சு அலெக்ஸ் கதையை முடிச்சாங்க. மூல நாவல்ல அந்தச் சாவு ஃப்ரெட் ஜான்சன்கிற இன்னொரு பாத்திரத்துக்கு வரும். ஆளை மாத்தினாலும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியல, ஏன்னா விதி ஏற்கெனவே இருந்தது.

நெறியாளர்

கிழவியம்மா, கதை முடிச்சை உடைக்கும்முன் ஒரு எச்சரிக்கை வரி போடவும்.

செவ்வாய்க்கிழவி

2021-லேயே வெளிவந்து முடிஞ்ச சீசனுக்கா! சரி, இனிமே போடறேன்.

கணக்குப்பிள்ளை

எடுத்துக்காட்டெல்லாம் அழகா இருக்கு, ஆனா வசதியானதை மட்டும் பொறுக்கியிருக்கீங்க. எக்ஸ்பான்ஸ் கப்பல்களைத் தள்ளற எப்ஸ்டீன் இன்ஜினைப் பத்தி ஏன் யாரும் வாயே திறக்கல? வாரக்கணக்கா முடுக்கிக்கிட்டே போகுது, எரிபொருள் தீர்ற மாதிரியே தெரியல. அதைக்கூட விடுங்க, கதைக்கு ஒரு சலுகை. வெப்பம் எங்கே போகுது? வெற்றிடத்துல காத்து கிடையாது, கதிர்வீச்சாதான் வெளியேத்தணும். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே வெள்ளை வெள்ளையா அவ்வளவு பெரிய ரேடியேட்டர் பலகைகள் தேவைப்படுது. நாயகர்களோட கப்பலான ரோசினாண்டேவுல எங்கே இருக்கு அது? அந்த இன்ஜினோட கழிவு வெப்பத்துல சின்னத் துளி உள்ளே தங்கினாலும் எல்லாரும் வெந்துடுவாங்க.

அதுக்கும் மேலே ஈரோஸ். 30 கி.மீ.க்கு மேல நீளமான நிஜச் சிறுகோள். கதையில அது தன்மேல மோத வர்ற கப்பலுக்குத் திடீர்னு ஒதுங்கி வழிவிடுது, உள்ளே இருக்கிற மில்லருக்கு ஒரு குலுக்கலும் இல்லை. நிலைமம்னு ஒண்ணு அங்கே கிடையாது. இயற்பியல்தான் சிக்கலை உண்டாக்குதுன்னு போட்டான் சொல்றார். ஆமா, எழுதறவங்களுக்கு வேணும்கிற வரைக்கும். வேணாம்னா புரோட்டோமாலிக்யூல்னு வேற்றுலகத்துலேருந்து வந்த ஒரு மந்திரப் பொருள்.

செவ்வாய்க்கிழவி

ஈரோஸ் நகர்ந்தப்போ எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. எதனால? ஒன்றரை சீசனா கப்பல் திரும்பறதுக்கே இவங்க படற பாட்டைப் பாத்துக்கிட்டிருந்தேனே. அந்த ஒதுங்கல் என்ன அர்த்தம்னு கப்பல்ல இருக்கறவங்களுக்கும் தெரியுது, எனக்கும் தெரியுது. இதே கல்லு ஸ்டார் ட்ரெக்ல நகர்ந்திருந்தா கொட்டாவி விட்டிருப்பேன், அங்கே வாரம் ஒண்ணு அப்படி நகரும். மந்திரம்னு சொல்றீங்களே, அந்த மந்திரத்தைப் பாத்து கதைக்குள்ள இருக்கறவங்களே மிரண்டு போறாங்க.

ரேடியேட்டருக்கு என்கிட்ட பதில் இல்லை. கப்பல் அழகா இருக்கணும்னு விட்டிருப்பாங்க.

கணக்குப்பிள்ளை

‘அழகா இருக்கணும்னு விட்டாங்க.’ இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நேரம் கத்தினேன்.

மூன்றாம்சூரியன்

எக்ஸ்பான்ஸை விட்டா வேற தொடரே இல்லையா? ‘3 பாடி ப்ராப்ளம்’ பாருங்க பாஸ். 300 அணுகுண்டை வரிசையா வெடிச்சு ஒரு பாய்மரத்தைத் தள்ளறாங்க, ஒளி வேகத்துல சுமார் ஒரு சதவீதம். வெறும் கற்பனை இல்ல, அணுகுண்டால கப்பலைத் தள்ளலாம்னு 1950-கள்லயே ஓரியன் திட்டத்துல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அதுல வேற்றுலகவாசிங்களோட கோள் மூணு சூரியனோட இழுப்புல கணிக்க முடியாம அலையும், அந்தக் குழப்ப யுகமும் உண்மையான கணிதப் புதிர்.

போட்டான்

புதிர் உண்மை, இடம் பொருந்தவில்லை. நாவல் அந்தச் சூரியன்களை ஆல்ஃபா சென்டாரியில் வைக்கிறது. அங்கே இரண்டு விண்மீன்கள் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று ஒழுங்காகச் சுற்றி வருகின்றன. மூன்றாவதான பிராக்ஸிமா, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல் சுமார் 13,000 மடங்கு தள்ளி, தன் போக்கில் கிடக்கிறது. முதலிரண்டில் ஒன்றை நெருங்கிச் சுற்றும் கோள் நெடுங்காலம் அமைதியாகவே இருக்கலாம். குழப்ப யுகத்துக்கு அங்கே வழியில்லை.

துகள்கள் தொலைவிலும் பிணைந்திருக்கும் குவாண்டம் பின்னலை வைத்து நான்கு ஒளியாண்டுக்கு அப்பால் நொடியில் பேசுவதும் ஆகாது. பின்னலால் செய்தி அனுப்ப முடியாது என்பது தேற்றமாகவே நிறுவப்பட்டிருக்கிறது.

மூன்றாம்சூரியன்

குழப்ப யுகம் இல்லன்னா அந்த வேற்றுலகவாசிங்க பூமிக்கு வரவே வேண்டாமே. கதையே கிடையாது.

கணக்குப்பிள்ளை

பெயர் வைக்காத ஒரு விண்மீன்னு சொல்லியிருந்தா கதை அப்படியே இருந்திருக்கும், யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது. நிஜ விண்மீனோட பேரைக் கடன் வாங்கறீங்க இல்ல? கடனைத் திருப்பிக் கட்டணும்.

நீலப்பெட்டி

டாக்டர் ஹூ ரசிகன்கிற முறையில ரொம்ப நேரமா சிரிச்சுக்கிட்டிருக்கேன். எங்க தொடர்ல 2014-ல நிலாவே ஒரு முட்டைன்னு ஒரு எபிசோட் வந்தது. குஞ்சு வளர்றதால நிலாவுக்கு 130 கோடி டன் எடை கூடி பூமியில கடல் பொங்குமாம். பிள்ளைவாள், உங்க ஏரியா.

கணக்குப்பிள்ளை

நிலாவோட நிறையில 5,000 கோடியில ஒரு பங்குகூட வராது அது. கடல் பொங்கறதை விடுங்க, அளக்கறதுக்கே திண்டாடணும். குஞ்சு பொரிஞ்ச உடனே தன் அளவுக்கே ஒரு முட்டை வேற போட்டுட்டுப் பறக்கும். அந்த நிறை எங்கேருந்து வந்தது?

நீலப்பெட்டி

அதான் சொல்றேன், நாங்க கணக்குக் காட்டினதே இல்லை, 1963-லேருந்து. ஆனா அந்த எபிசோட் எங்களுக்கே பிடிக்கலைன்னா காரணம் நிறை இல்லை. கடைசியில முட்டை பழையபடி வந்து உக்காந்துடுது, குஞ்சைக் கொல்றதா வேண்டாமான்னு கதையில வர்ற பெண்கள் எடுத்த முடிவுக்கு யாரும் எந்த விலையும் கொடுக்கல. அது எழுத்துக் கோளாறு.

போட்டான்

எனக்கு இரண்டும் ஒரே கோளாறாகத்தான் தெரிகிறது. நிறை எங்கிருந்தோ வந்துவிடுகிறது, விளைவு எங்கேயோ போய்விடுகிறது. எதற்கும் கணக்கில்லை.

எதிர்மாறாக ஒன்று. எக்ஸ்பான்ஸ் 5-ஆம் சீசனில் ரோசினாண்டேவின் பொறியாளர் நவோமி கவசமின்றி வெற்றிடத்தில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறாள். (நெறியாளர் மன்னிக்க.) வெடிக்கவில்லை, உறையவில்லை. ஆக்சிஜன் ஏற்றும் ஊசி ஒன்று, சில நொடிகள், மறுபுறம் வந்து சேரும்போது உடலெல்லாம் வீங்கி வெந்திருக்கிறது. 1966-இல் நாசாவின் வெற்றிட அறையில் விண்வெளிக் கவசத்தைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெபிளாங்கின் கவசக் குழாய் கழன்றபோது, சுமார் 14 நொடியில் அவர் நினைவிழந்தார். அதற்குமுன் நாக்கில் எச்சில் கொதித்ததை உணர்ந்ததாகச் சொன்னார். பிழைத்தும் கொண்டார். எழுத்தாளர்கள் இப்படிப்பட்ட சில நொடிகளுக்குள் தாயான நவோமியின் முடிவைப் பொருத்தினார்கள். அந்த நொடிகளை நீட்டியிருந்தால் காட்சி செத்திருக்கும்.

கணக்குப்பிள்ளை

இதுக்கு எதிரா எனக்கு ஒண்ணும் இல்லை. ஊசி மட்டும் கொஞ்சம் தாராளம்.

ஆனா அதே ரொனால்ட் மூர் செஞ்ச ‘ஃபார் ஆல் மேன்கைண்ட்’ல ரெண்டாம் சீசன்ல ஸ்பேஸ் ஷட்டில் நிலாவுக்குப் போகுதே, அதுக்கு யார் வக்காலத்து? நிஜ ஷட்டிலோட சுற்றுப்பாதை இன்ஜின்கள் நொடிக்கு 300 மீட்டர் வேகம் மாத்தறதே பெரிசு. நிலாப் பாதைக்கு நொடிக்கு 3 கி.மீ.க்கு மேல வேணும். காத்தே இல்லாத இடத்துக்கு இறக்கையைச் சுமந்துக்கிட்டுப் போறாங்க. திரும்பி வரும்போது நொடிக்கு 11 கி.மீ. வேகத்துல மோதணும், வெப்பம் தாங்கற அந்த ஓடுகள் அதுக்குச் செஞ்சது இல்லை.

செவ்வாய்க்கிழவி

நான் வாங்கறேன் வக்காலத்து. அது மாற்று வரலாறு; 1983-ன்னு திரையில போட்டா நமக்குத் தெரிஞ்ச ஒரு பொருள் கண்ணுல படணும். ஷட்டில் அந்தக் காலத்தோட முகம். சுற்றுப்பாதையில எரிபொருள் நிரப்பிக்கிட்டாங்கன்னு வெச்சுக்கோங்களேன்.

கணக்குப்பிள்ளை

நிரப்பறதுக்கு அதுல தொட்டி எங்கே இருக்கு? வெளித்தொட்டி மேலே போற வழியிலேயே கழண்டு விழுந்துடும்.

செவ்வாய்க்கிழவி

சரக்கு அறையில வெச்சுக்கட்டும்.

கணக்குப்பிள்ளை

100 டன் திரவ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்த அறையில கொள்ளுமான்னு பார்த்துட்டு ராத்திரி வந்து எழுதறேன். யாரும் திரியைப் பூட்டிடாதீங்க.