ஆஸ்டிராய்ட்ஸ் தோட்டாவின் வெளிச்சம்: உங்கள் அனுபவம் என்ன?

கோட்டுப்பித்தன்:
நியூ ஹாம்ப்ஷயர் லக்கோனியாவில் உள்ள ஃபன்ஸ்பாட் என்னும் விளையாட்டுக்கூடத்துக்கு மகனுக்காகவே சென்றிருந்தேன். காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரங்களுக்கு நடுவே, கப்பலிலிருந்து பாறைகளைச் சுடும் 1979-ஆம் ஆண்டின் ஆஸ்டிராய்ட்ஸைக் கண்டதும் கால் நகரவில்லை. பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் அதைப் பலமுறை ஆடியவன்தான். ஆயினும் சுடும் பொத்தானை அழுத்தியபோது, கப்பலும் பாறைகளும் மெல்லிய வெண்கோடுகளாக இருக்க, தோட்டா மட்டும் வெல்டிங் பொறி போலக் கண்ணைக் கூசச் செய்தது. வீட்டில் இத்தனை ஆண்டுகளாக நான் ஆடியது என்ன விளையாட்டு என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

மைன்ஸ்டார்ம்82:
எமுலேட்டர் மீது பழி போடுவது சரியன்று. வெக்டார் படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை திரை முழுவதையும் வரிவரியாகத் தடவாமல், கோடு உள்ள இடத்தில் மட்டும் ஓடுகிறது. தோட்டா ஒரே புள்ளி என்பதால், கற்றை அங்கேயே முழு வீச்சில் நின்று எரிகிறது. சாதாரணத் திரையிலோ வெள்ளைக்கு மேல் வெள்ளை கிடையாது. வெக்டார் திரை கொண்ட வீட்டு விளையாட்டுக் கருவியான என் வெக்ட்ரெக்ஸின் ஒலிபெருக்கியில் ஓயாத இரைச்சல் உண்டு. திரையில் வரைவது மாறினால் அதுவும் மாறும். ஒருநாள் மகள் ஆடிக்கொண்டிருந்தபோது, விளையாட்டின் கண்ணிவெடிகள் பிளந்து பெருகுவதை அடுத்த அறையிலிருந்து காதாலேயே அறிந்தேன்.

சாலிடர்தாசன்:
1981-ஆம் ஆண்டின் டெம்பெஸ்ட் என்னும் வெக்டார் ஆர்கேட் இயந்திரம் ஒன்றை இருண்ட திரையுடன் வாங்கி, மூன்று வாரம் மானிட்டரையே திட்டிக்கொண்டிருந்தேன். பழுதோ விளையாட்டை இயக்கும் கேம் போர்டில் இருந்தது. ஆகவே கோட்டுப்பித்தன் அவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மானிட்டரின் உள்ளே சிறிய சிவப்பு விளக்கு எரிந்தால், கற்றையை நகர்த்தும் சமிக்ஞை வரவில்லை என்று கொள்ளலாம். நின்ற இடத்திலேயே கற்றை திரையின் ஒளிரும் பூச்சான பாஸ்பரைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சுற்று அதை அணைத்துவிடுகிறது. அப்போது மானிட்டரைப் பிரிக்காமல், முதலில் போர்டிலிருந்து ஒலி வருகிறதா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதை முறைப்படி வெளியேற்றத் தெரிந்தவர் அருகில் இல்லாமல் குழாய்க்கு அந்த மின்னழுத்தம் நுழையும் ஆனோடு மூடியைத் தொடாதீர்கள். வண்ண வெக்டார் என்றால், வெல்ஸ் கார்ட்னர் 6100 மானிட்டருக்கு உதிரிப் பாகங்களை முன்கூட்டியே சேர்த்து வைப்பது நல்லது.

கோட்டுப்பித்தன்:
ஐயா, நான் காசு போட்டு ஆடிவிட்டு வந்தவன். என்னிடம் இயந்திரமே இல்லை.