கார் போட்டோவுல எதிர்வீட்டுச் சேலைதான் தெரியுது, என்ன செய்ய?

செல்லூர்க்காரன்:
அண்ணமாருக்கு வணக்கம். போன மாசம் பழைய ஸ்விஃப்ட் ஒண்ணு எடுத்தேன், கருநீலம். நேர்ல பாத்தா கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்குது. போன்ல எடுத்தா சகிக்கல. மத்தியானம் சாப்பிட்டு வந்து வாசல்ல வச்சே எடுத்தேன். கதவுல எதிர்வீட்டு மாடியில காயுற சேலை, அதுக்குக் கீழ கைலியோட நான். பானெட் பூசணிக்கா மாதிரி உப்பிக்கிட்டு, பின்பக்கம் சூம்பிக் கெடக்கு. கூரையில வெள்ளைத் திட்டு, சக்கரத்துக்கிட்ட ஒரே இருட்டு. போன் சரியில்லையா, எனக்குக் கை வரலையா?

பழங்காநத்தத்தான்:
நல்ல கேமரா ஒண்ணு வாங்குங்க தம்பி. போன்ல அம்புட்டுத்தான் வரும்.

நாகமலைக்காரர்:
காசைக் கரியாக்காதீங்க தம்பி, இந்தப் போனே போதும்.

கருநீல வண்டி முகம் பாக்குற கண்ணாடி மாதிரி. கதவுக்கு எதிர்ல எது இருக்கோ அதுதான் கதவுல விழும். தெருவுல நிறுத்தினா தெருதான் விழும். வண்டிக்கு எதிர்ப்பக்கம் வெட்டவெளியா இருக்கிற எடம் பாருங்க. பின்னால என்ன இருக்குன்னு பாக்குறதுக்கு முந்தி, நீங்க நிக்கிற பக்கம் என்ன இருக்குன்னு திரும்பிப் பாருங்க. பாதிப் பேரு இதைப் பாக்குறதே இல்ல.

மத்தியானம் எடுக்கவே கூடாது. நம்ம ஊரு உச்சி வெயில்ல எந்த வண்டியும் கூரை வெளுத்து, அடியில இருட்டித்தான் வரும். பொழுது அடைஞ்ச பெறகு ஒரு கால் மணி நேரம் இருக்கும் பாருங்க, அப்ப வானம் பூராவும் ஒரே விளக்கா எரியும். கதவோட மடிப்பு முன்னால இருந்து பின்னால வரைக்கும் ஒரே கோடா ஓடும்.

உப்பலுக்குக் காரணம் ரொம்பக் கிட்ட நின்னது. பத்துப் பதினஞ்சு அடி பின்னால போய் 2எக்ஸ், அதான் ரெண்டு மடங்கு ஜூம், வச்சு எடுங்க. ஹெட்லைட் உயரத்துக்குக் குத்தவச்சு உக்காருங்க. முன்சக்கரத்தை நீங்க நிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா ஒடிச்சு விட்டா ரிம் முகம் காட்டும்.

இன்னொண்ணு. கருத்த வண்டின்னா போன் தானா வெளிச்சத்தைக் கூட்டி நெறத்தைச் சாம்பலாக்கிடும். திரையில வண்டி மேல விரலை அழுத்திப் பிடிச்சு, சூரியக் குறியைக் கொஞ்சமாக் கீழ இழுங்க.

செல்லூர்க்காரன்:
அண்ணே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒத்தக்கடைப் பக்கம் போனேன். சேலையும் போச்சு, கைலியும் போச்சு! ஆனா யானைமலை நேர்ல எம்புட்டுப் பெருசாப் படுத்திருக்கு, படத்துல கூழாங்கல்லு மாதிரி வருது. 2எக்ஸ் வச்சா வண்டி பாதி வெட்டுதுன்னு 1எக்ஸ்லயே கிட்ட நின்னு எடுத்தேன்.

நாகமலைக்காரர்:
அங்கதான் தப்பு. வண்டி வெட்டுச்சுன்னா நீங்க பின்னால போகணும். முப்பது நாப்பது அடி தள்ளிப் போய் 3எக்ஸ் வைங்க. வண்டி அதே அளவுதான் தெரியும், மலை மட்டும் வளந்து வண்டிக்குப் பின்னால வந்து நிக்கும். மலைக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்துல நாப்பது அடியெல்லாம் ஒரு கணக்கே இல்ல, வண்டிக்குத்தான் அது பெரிய தூரம். ரோட்டு ஓரத்துல வேணாம், மேலூர் ரோட்டுல லாரிக்காரன் நிக்க மாட்டான்.

பழங்காநத்தத்தான்:
கேமரா வாங்கச் சொன்னது வாபஸ். ஆனா ஒரு வேலை பாருங்க தம்பி: போலரைஸ்டு கூலிங்கிளாஸ் (கண்ணைக் கூச வைக்கிற பளபளப்பை வெட்டுறது) இருந்தா லென்ஸுக்கு முன்னால பிடிச்சு மெல்லத் திருப்புங்க. ஒரு கோணத்துல முன்கண்ணாடியில விழுற வானம் காணாமப் போய் உள்ள சீட்டு தெரியும்.

செல்லூர்க்காரன்:
மச்சான் கூலிங்கிளாஸ்ல பண்ணிப் பாத்தேன், நெசமாவே வானம் போயிருச்சு. ஆனா இப்பப் புதுப் பிரச்சினை. பின்கண்ணாடி முழுக்கச் சிறுத்தைப் புலி மாதிரி கருத்த புள்ளி. வித்தவரு கண்ணாடியை மாத்திட்டுக் கொடுத்துட்டாரா? நாளைக்குக் கண்ணாடிக் கடைக்குப் போலாம்னு இருக்கேன்.

நாகமலைக்காரர்:
போகாதீங்க தம்பி. பின்கண்ணாடியும் கதவுக் கண்ணாடியும் டஃபண்டு கண்ணாடி. சூடாக்கி, காத்தடிச்சு வெடுக்குன்னு குளிர வச்சுச் செய்யுறது. அந்தக் காத்துக் குழல் பட்ட எடமெல்லாம் உள்ளுக்குள்ள இறுக்கம் மாறி நிக்கும். வெறுங்கண்ணுக்கு அவ்வளவாத் தெரியாது, போலரைஸ்டு கண்ணாடிக்குத்தான் நல்லாத் தெரியும். முன்கண்ணாடி ரெண்டு தகடை நடுவுல பிளாஸ்டிக் வச்சு ஒட்டினது, அதுல இந்தப் புள்ளி வராது. கூலிங்கிளாஸைக் கொஞ்சம் திருப்பினா குறையும். இல்லாட்டி பின்பக்கம் எடுக்கும்போது அது இல்லாம எடுங்க.

செல்லூர்க்காரன்:
நல்லவேளை கேட்டேன் அண்ணே, வித்தவருக்குப் போன் போடலாம்னு போனைக் கையில எடுத்து வச்சிருந்தேன். மலை பின்னால வந்து நிக்கிற படம் நாளைக்குப் போடுறேன், நம்பர் பிளேட்டை மறைச்சுட்டு.